அம்பாசிடரில் டிஸ்டிரிபியூட்டர் மாற்றுவது: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினிலிருந்து டிஸ்டிரிபியூட்டரை, அதாவது பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பொருளை, கழற்றுவது சின்ன வேலைதான். இரண்டு போல்ட், ஒரு ஒயர், ஒரு குழாய், மேலே ஒரு மூடி, அவ்வளவே. திரும்ப மாட்டிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் மாட்டுகிற நேரத்தில் இல்லை, கழற்றுவதற்கு முந்திய அரைமணி நேரத்தில் இருக்கிறது. எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு கழற்றியவருக்கு இந்த வேலை தடுமாறாது. அது தெரியாமல் கழற்றினால் புது டிஸ்டிரிபியூட்டர் போட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

நான் சொல்லப்போவது பழைய 1489 சிசி பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் இது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸில் இருந்து அம்பாசிடருக்கு வந்தது. எம்ஜி ஏ விளையாட்டுக் காரின் முதல் வண்டிகளிலும் இதே 1489 சிசிதான் இருந்தது. பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வேறு வகை, அதற்கு இங்கே சொல்லும் அளவுகள் பொருந்தாது. டீசல் அம்பாசிடரில் இந்தப் பொருளே கிடையாது. தொடங்குமுன் பானெட்டைத் திறந்து உங்களுடையது எந்த எஞ்சின் என்று பார்த்துவிடுங்கள்.

அது செய்யும் வேலை

காயில் 12 வோல்ட்டை வாங்கிப் பல ஆயிரம் வோல்ட்டாக மாற்றுகிறது. ஆனால் தானாக மாற்றாது. காயிலுக்குள் ஓடும் கரெண்டை யாராவது சட்டென்று நிறுத்த வேண்டும், அந்த நொடியில்தான் உயர் வோல்ட் பிறக்கும். நிறுத்துகிற வேலை டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டுடையது. பிறந்த கரெண்டை எந்த பிளக்குக்கு அனுப்புவது என்பதைத் தண்டின் தலையில் சுற்றும் ரோட்டாரும் மேல்மூடியான கேப்பும் பார்த்துக்கொள்கின்றன. கூடவே எஞ்சின் வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்கூட்டியே விழவைக்க அடியில் இரண்டு எடைகளும் ஸ்பிரிங்குகளும் உண்டு. சுமை குறைவாக ஓடும்போது இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளப் பக்கவாட்டில் ஒரு வேக்குவம் டப்பா இருக்கிறது.

கேம்ஷாஃப்ட்டிலிருந்து சுழற்சி வருவதால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்டிரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. இத்தனை வேகத்தில் நடக்கும் வேலை என்பதால்தான் தண்டில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ஓட்டும்போது தெரிந்துவிடுகிறது.

மாற்றத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியில் நேரம் செலவழியுங்கள். வண்டி மிஸ் அடிக்கிறது, இழுவை இல்லை, சூடானால் நிற்கிறது என்றதும் டிஸ்டிரிபியூட்டரையே மாற்றச் சொல்லும் யோசனை சுலபமாக வந்துவிடும். பல நேரம் உள்ளே இருக்கும் மலிவான ஒரு உதிரிதான் கெட்டிருக்கும்.

கேப்பைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங் கிளிப்புகளைத் தள்ளி, ஒயர்களைக் கழற்றாமலே கேப்பை மட்டும் எடுங்கள். உட்புறத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புத் தடம் தெரிந்தால் கரெண்ட் அந்த வழியே கசிகிறது, கேப்பை மாற்ற வேண்டும். நடுவில் இருக்கும் சிறிய கார்பன் துண்டு ஸ்பிரிங்கில் உள்ளே போய் வெளியே வர வேண்டும். அது தேய்ந்து காணாமல் போயிருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது.

அடுத்தது ரோட்டார். அதன் மேல்தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருந்தால், தரமில்லாத பிளாஸ்டிக்கில் அந்த ரிவெட் வழியாகவே கரெண்ட் தண்டுக்கு இறங்கி எர்த் ஆகிவிடுவதுண்டு. பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும் ரோட்டாரில் கூட இது நடக்கும். நல்ல ரோட்டார் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

பாயிண்டின் இரு முகங்களும் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் சரி. நீலம் பாரித்துக் கருகியிருந்தால் பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் மேல் சந்தேகப்படுங்கள். கண்டென்சர் போனால் பொறி மஞ்சளாக, பலமில்லாமல் வரும், பாயிண்டும் சீக்கிரம் எரிந்துபோகும்.

பலரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து டிஸ்டிரிபியூட்டர் உடலுக்கு ஒரு சின்ன எர்த் ஒயர் போகும், துணி சுற்றியிருக்கும். வேக்குவம் டப்பா தட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஒயர் வளைந்து நிமிர்கிறது. வருஷக்கணக்கில் வளைந்து உள்ளே செம்பு இழைகள் அறுந்து, மேலே துணி மட்டும் முழுசாக இருக்கும். அப்போது வண்டி நின்ற இடத்தில் நன்றாக ஓடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மிஸ் ஆகும். லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே அறுந்திருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால் தண்டைப் பாருங்கள். ரோட்டாரை எடுத்துவிட்டு, அது உட்காரும் தண்டின் தலையை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ஆட்டமுள்ள தண்டில் பாயிண்ட் இடைவெளியை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் நிற்காது, பொறி விழும் நேரம், அதாவது டைமிங், நான்கு சிலிண்டருக்கும் நான்காகிவிடும். பிறகு ரோட்டாரை மாட்டி, அது சுழலும் திசையில், அதாவது மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், திருகி விடுங்கள். தானாகத் துள்ளித் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அடியில் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன அல்லது ஸ்பிரிங் போயிருக்கிறது. கடைசியாக, வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். தட்டு நகரும் சத்தம் கேட்க வேண்டும், நாக்கால் அடைத்தால் அந்த இழுவை அப்படியே நிற்க வேண்டும். காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

தண்டில் ஆட்டமோ, எடைகளில் சிக்கலோ இருந்தால்தான் முழு டிஸ்டிரிபியூட்டரை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

எதை வாங்குவது

இந்த எஞ்சினில் பெரும்பாலும் இருப்பது லூகாஸ் வடிவம். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இங்கேயே இவற்றைச் செய்தது. அதனால் பழைய சரக்கு இன்னும் அகப்படுகிறது. சென்னையில் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம்.

வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. பழையதையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். உடலின் பக்கவாட்டில் ஒரு பாக எண் குத்தியிருக்கும். இரண்டிலும் அந்த எண் ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வேறாக இருந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பாயிண்ட் தட்டுக்கு அடியில், பாயிண்டைத் திறக்கும் மேடுகள் உள்ள கேமின் அடிப்பாகத்தில் ஒரு எண் இருக்கும், உதாரணமாக 10. எடைகள் அதிகபட்சம் 10 டிகிரி முன்னே தள்ளும் என்று அர்த்தம், இது டிஸ்டிரிபியூட்டர் டிகிரி. கிராங்கில் அது இரட்டிப்பாகி 20 ஆகும். வேக்குவம் டப்பாவிலும் 5-17-8 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். 5 அங்குல பாதரச வேக்குவத்தில் இழுக்கத் தொடங்கி, 17-இல் முடித்து, மொத்தம் 8 டிகிரி தள்ளும் என்று படிக்க வேண்டும். பழையதன் எண்களுக்கு நெருக்கமாக இருப்பதை எடுங்கள். வேறொரு காரின் டிஸ்டிரிபியூட்டர் இதில் உட்காரலாம், வண்டியும் ஸ்டார்ட் ஆகலாம். ஆனால் பொறியை முன்னே தள்ளும் அட்வான்ஸ் அளவு வேறாக இருந்தால் மேட்டில் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம், அதாவது நாக்கிங், வரும் அல்லது வண்டி முக்கும். எஞ்சின் பிஸ்டனுக்கு நாக்கிங் நல்லதல்ல.

இன்னொரு வழி, பழையதன் உடல் நன்றாக இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துப் புது புஷ் அடித்து வாங்குவது. எனக்கு இதுதான் பிடித்த வழி. அந்த எஞ்சினுக்கென்றே அளவு வைத்த எடைகளும் ஸ்பிரிங்குகளும் அப்படியே இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: தண்டின் அடியில் பின் அடித்து மாட்டிய நாக்கு ஒன்று இருக்கும். அதைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது அரைச் சுற்று மாறிப் போய்விட வாய்ப்புண்டு. கொடுக்கும் முன் ரோட்டார் எந்தப் பக்கம், நாக்கு எந்தப் பக்கம் என்று படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்டுக்குப் பதில் கேப்புக்குள்ளேயே உட்காரும் எலக்ட்ரானிக் கிட் போடுவதும் உண்டு. நல்லதுதான், பாயிண்ட் தேய்கிற கவலை போய்விடும். ஆனால் ஆடுகிற தண்டுக்கு அது மருந்தல்ல. கிட் வாங்குமுன் வண்டியில் பாட்டரியின் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். டைனமோ வைத்த பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். மாற்றி இணைத்தால் கிட் அந்த நொடியே போய்விடும். எஞ்சின் ஓடாமல் சாவியை நெடுநேரம் ஆனில் விட்டாலும் சில கிட்டுகள் கெடும்.

எஞ்சினை டாப்பில் நிறுத்துவது

இதுதான் முழு வேலையின் உயிர்.

ஒன்றாம் சிலிண்டர் என்பது ரேடியேட்டர் பக்கம் இருப்பது. அங்கிருந்து பின்னோக்கி 1, 2, 3, 4. பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. ஒன்றாம் சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்து, இரண்டு வால்வும் மூடி, கம்ப்ரஷன் முடியும் நிலையில் எஞ்சினை நிறுத்த வேண்டும். பிஸ்டனின் இந்த மேல்நிலைதான் டாப்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றினால் எஞ்சின் லேசாகச் சுற்றும். ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இருந்தால் அதை முன்னால் நுழைத்துச் சுற்றுவது மிக வசதி. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டாம். எஞ்சின் எதிராக உதைத்தால் கட்டைவிரல் முறியும். ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு, வண்டியை மெதுவாக முன்பக்கம் தள்ளச் சொல்லுங்கள். எஞ்சின் சரியான திசையில் சுற்றும்.

ஒன்றாம் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது ஒரு கட்டத்தில் காற்று விரலைத் தள்ளும். அதுதான் கம்ப்ரஷன். அங்கிருந்து மெதுவாகச் சுற்றி, கிராங்க் புல்லியின் விளிம்பில் இருக்கும் வெட்டு, டைமிங் மூடியில் உள்ள கூர்முனைகளை நோக்கி வருவதைப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் கூர்முனைகள் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் இருக்கும், டார்ச் அடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். மூன்று முனைகளில் நீளமானது டாப், மற்றவை அதற்கு முன் 5 டிகிரி, 10 டிகிரி. புல்லியைத் துடைத்து அந்த வெட்டில் வெள்ளை பெயிண்ட் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். பின்னால் பலமுறை உதவும்.

வெட்டு முனையைத் தாண்டிவிட்டால் பின்னோக்கிச் சுற்றிச் சரிசெய்யாதீர்கள். பல்சக்கரங்களுக்கிடையே இருக்கும் சிறு தளர்வு கணக்கைக் கெடுக்கும். நன்றாகப் பின்னே கொண்டுபோய் மறுபடி முன்னோக்கிச் சுற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டு முழுச் சுற்று சுற்றி வாருங்கள்.

சந்தேகம் தீர இன்னொரு வழி. மேலே இருக்கும் டாப்பெட் கவரைக் கழற்றினால் ராக்கர்கள் தெரியும். ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷன் டாப்பில் இருக்கும்போது அதன் இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். நான்காம் சிலிண்டரின் ராக்கர்களில் ஒன்று மேலே வந்துகொண்டும் மற்றது கீழே இறங்கிக்கொண்டும் இருக்கும். இது பொருந்தினால் வேறு சாட்சியே வேண்டாம்.

இப்போது டிஸ்டிரிபியூட்டர் கேப்பை எடுத்துப் பாருங்கள். ரோட்டாரின் முனை கேப்பில் ஒன்றாம் பிளக் ஒயர் வரும் இடத்தை நோக்கி இருக்க வேண்டும். நேர் எதிரே, நான்காம் ஒயரை நோக்கி இருந்தால் கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

கழற்றுவது

பாட்டரியில் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். டிஸ்டிரிபியூட்டர் டிரைவர் பக்கம், பிளக்குகள் இருக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் இருக்கும் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷால் தட்டித் துடைத்துவிடுங்கள், கழற்றிய துளை வழியே எதுவும் எஞ்சினுக்குள் விழக் கூடாது. பல கோணங்களில் ஃபோனில் படம் எடுங்கள். ஒயர் எது எங்கே போகிறது, குழாய் எந்தப் பக்கம், வேக்குவம் டப்பா எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பவை தெரிய வேண்டும்.

பிளக் ஒயர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி எழுதுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல் முனையில் இருக்கும் ரப்பரைப் பிடித்து இழுங்கள். சில பழைய லூகாஸ் கேப்புகளில் ஒயர் பக்கவாட்டில் நுழையும், உள்ளிருந்து ஒரு கூர் ஸ்க்ரூ அதைக் குத்திப் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தாமல் இழுத்தால் வராது. அந்த வகைக் கேப்புக்குச் செம்பு இழை உள்ள ஒயர்தான் சரிவரும், கார்பன் இழை ஒயரில் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்காது.

பிறகு காயிலிலிருந்து வரும் மெல்லிய ஒயரையும் வேக்குவம் குழாயையும் கழற்றுங்கள். குழாய் உலோகமாக இருந்தால் நட்டைச் சரியான ஸ்பானரால் மட்டும் திருகுங்கள், வளைத்தால் விரிசல் விழும்.

இனி இரண்டு அடையாளங்கள். ரோட்டார் முனைக்கு நேராக டிஸ்டிரிபியூட்டர் உடலின் விளிம்பில் ஒரு கீறல். டிஸ்டிரிபியூட்டர் உடலுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் சேர்த்து நேர்கோடாக இன்னொரு கீறல். பெயிண்ட் வைத்தால் துடைக்கும்போது போய்விடும், ஊசியால் கீறுவது நல்லது.

அடியில் ஒரு கிளாம்ப் பிளேட் இருக்கும். அதைப் பிளாக்கோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள் ஒன்று, டிஸ்டிரிபியூட்டரின் கழுத்தை நெருக்கும் பிஞ்ச் போல்ட் இன்னொன்று. புதியவர்கள் எடுத்தவுடன் பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்திவிடுகிறார்கள். தொடாதீர்கள். பிளாக்கில் இருக்கும் இரண்டு போல்ட்டை மட்டும் எடுத்து, டிஸ்டிரிபியூட்டரை லேசாக ஆட்டியபடி நேராக மேலே இழுங்கள். கிளாம்ப் அதனோடேயே வந்துவிடும், பழைய டைமிங்கும் அதில் பத்திரமாக இருக்கும். புது டிஸ்டிரிபியூட்டருக்குக் கிளாம்பை மாற்றும்போது, பழையதில் அது கழுத்தில் எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் இருந்தது என்று பார்த்து அப்படியே வையுங்கள்.

பல ஆண்டுகள் கழற்றாததாக இருந்தால் இறுகியிருக்கும். சுற்றிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். சுத்தியல் வேண்டாம். உடல் அலுமினியக் கலவை, உடைந்துவிடும்.

துளைக்குள் பார்த்தால் ஒரு பள்ளம் தெரியும். பள்ளம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். டிஸ்டிரிபியூட்டர் நாக்கும் அதே போல ஒதுங்கியது. அதனால் இது ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும், எதிர்ப்பக்கமாக மாட்டவே முடியாது. இந்த வடிவத்தை யோசித்தவர்களை மனதாரப் பாராட்டலாம். அந்தப் பள்ளம் உள்ள தண்டை மட்டும் துளையிலிருந்து வெளியே இழுக்க வேண்டாம். அது கேம்ஷாஃப்ட் பல்லோடு கோத்திருக்கிறது, எடுத்தால் வேறு கணக்கு.

கழற்றிய பிறகு யாராவது எஞ்சினைச் சுற்றிவிட்டாலும் பயப்படத் தேவையில்லை. மறுபடி டாப் நிலைக்குக் கொண்டுவந்தால் போதும்.

மாட்டுமுன் மேஜையில் செய்ய வேண்டியவை

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் அடி நாக்கு ஒரே மாதிரி ஒதுங்கி இருக்கும்படி திருப்பி வைத்து, ரோட்டார் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று சரிபாருங்கள். எதிர்ப்பக்கம் பார்த்தால் நாக்கு அரைச் சுற்று மாறி மாட்டப்பட்டிருக்கிறது. அதைச் சரிசெய்து வாங்குவது உத்தமம். அவசரமென்றால் பிளக் ஒயர்கள் நான்கையும் கேப்பில் எதிர்எதிர் இடத்துக்கு மாற்றியும் ஓட்டலாம்.

பாயிண்ட் இடைவெளியை இங்கேயே வைத்துவிடுங்கள், எஞ்சினுக்குள் குனிந்து வைப்பதைவிடச் சுலபம். தண்டைச் சுற்றி, பாயிண்டின் குதிகால் கேமின் உச்சியில் ஏறும்போது நிறுத்துங்கள். அப்போது இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.36 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 0.015 ஃபீலர் கேஜ் லேசான உரசலோடு போய்வர வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கும்போது அளவு நகரும், இறுக்கிய பிறகு திரும்ப அளந்து பாருங்கள். நான்கு உச்சியிலும் அளந்து, நான்கும் ஒன்றாக இருந்தால் நீங்கள் வாங்கியது நல்ல தண்டு.

இடைவெளியை முதலிலும் டைமிங்கை அப்புறமும் வைப்பது ஏன் என்றால், இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போய்விடும். குறைந்தால் பின்னே போகும். டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் மறுபடி டைமிங் பார்க்க வேண்டும்.

கேம் மேல் ஒரு பொட்டு கிரீஸ். ரோட்டாரை எடுத்துவிட்டு அடியில் தெரியும் ஸ்க்ரூத் தலையில் இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில். எடைகள் இருக்கும் பகுதிக்குத் தட்டின் இடுக்கு வழியாக இன்னும் சில சொட்டு. பாயிண்ட் முகத்தில் எண்ணெய் படக் கூடாது. புதுப் பாயிண்டில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய படலம் இருக்கும், பெட்ரோல் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள்.

மாட்டுவது

கழுத்தில் லேசாக எண்ணெய் பூசி, கீறல்கள் நேராக வரும்படி உள்ளே இறக்குங்கள். பாதியில் நின்றால் அழுத்தாதீர்கள். ஒரு கையால் லேசாக அமுக்கியபடி மறுகையால் ரோட்டாரை மெல்லத் திருப்புங்கள். நாக்கு பள்ளத்தைக் கண்டதும் டக்கென்று இறங்கி முழுதாக உட்காரும். கிளாம்ப் பிளேட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இடைவெளி இருந்தால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் பிளேட் வளையும், உடலில் விரிசலும் விழலாம்.

இரண்டு போல்ட்டையும் மாட்டி, பிஞ்ச் போல்ட்டை மட்டும் டிஸ்டிரிபியூட்டர் கையால் திரும்பும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள். கேப்பில் ஒன்றாம் ஒயர் ரோட்டார் பார்க்கும் இடத்தில். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 3, 4, 2. முதல்முறை செய்பவர்கள் இந்தத் திசையில்தான் தடுமாறுவார்கள், கையால் தொட்டு எண்ணிப் பாருங்கள்.

காயிலில் பழைய லூகாஸ் குறியீடு என்றால் எஸ்.டபிள்யூ. முனைக்குச் சாவியிலிருந்து வரும் ஒயர், சி.பி. முனையிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கு. பிளஸ், மைனஸ் குறியிருந்தால் நெகட்டிவ் எர்த் வண்டியில் பிளஸ் சாவிக்கும் மைனஸ் டிஸ்டிரிபியூட்டருக்கும் போகும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இது தலைகீழ்.

டைமிங் வைப்பது

எத்தனை டிகிரி என்பது உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதத்தைப் பொறுத்து மாறும், வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கையேடு கையில் இல்லையென்றால், ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்கு டாப்புக்கு முன் 5 டிகிரி பாதுகாப்பான தொடக்கம். புல்லியின் வெட்டை அந்த முனைக்கு நேராக, முன்னோக்கிச் சுற்றி நிறுத்துங்கள்.

12 வோல்ட் சின்ன பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒயர் டிஸ்டிரிபியூட்டரின் மெல்லிய ஒயர் முனையில், மற்றது எஞ்சின் பிளாக்கில். பாட்டரியை இணைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் கரெண்ட் அதன் வழியே எர்த் ஆகிவிடும், பல்பு எரியாது. திறந்தால் எரியும். எரிகிற அந்த நொடிதான் பொறி விழும் நொடி.

உடலை முதலில் கடிகார எதிர்த்திசையில் திருப்பி பல்பு அணையும்படி வையுங்கள். பிறகு கடிகாரத் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரிந்ததும் நிறுத்தி, பிஞ்ச் போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கம் அளவோடு இருக்கட்டும், அதிகமானால் கிளாம்ப் வளைந்து கழுத்தைக் கடிக்கும். சரிபார்க்க, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி வாருங்கள், அதுவரை பிளக்குகள் வெளியிலேயே இருக்கட்டும், கேப்பிலிருந்து காயில் ஒயரையும் எடுத்து எர்த் செய்துவிடுங்கள். வெட்டு முனையைத் தொடும்போது பல்பு எரிய வேண்டும்.

பழைய லூகாஸில் வேக்குவம் டப்பாவின் முனையில் விரலால் திருகும் சின்ன நட்டு இருக்கும், பக்கத்தில் ஏ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள். ஏ பக்கம் திருகினால் டைமிங் முன்னே போகும், ஆர் பக்கம் பின்னே வரும். உடலைத் திருப்பி டைமிங் வைக்கத் தொடங்குமுன் இந்த நட்டை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பின்னால் இரண்டு பக்கமும் நகர்த்த இடமிருக்கும்.

பொறி விழும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு இருந்தால் எஞ்சினை ஓடவிட்டும் பார்க்கலாம். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கையேட்டில் அதற்கென்று சொன்ன வேகத்தில் பாருங்கள். கூர்முனைகள் கீழே இருப்பதால் ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிய வேண்டிவரும். துண்டு, வேட்டி நுனி, துப்பட்டா, தொங்கும் செயின் எதுவும் இருக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

பிளக்குகளின் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து மாட்டி, எல்லா ஒயரையும் போட்டு, ஸ்டார்ட் செய்யுங்கள்.

கார்புரேட்டர் வழியே படபடவென்று வெடித்தால் ஒயர் வரிசை தவறியிருக்கும் அல்லது டைமிங் வெகுதூரம் விலகியிருக்கும். ஒயர்களைத் திரும்ப எண்ணுங்கள். எல்லாம் சரியென்று தோன்றியும் வெடிக்க மட்டும் செய்தால், நான்காம் சிலிண்டர் டாப்பை ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். நான்கு ஒயர்களையும் எதிர்எதிர் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். பொறியே இல்லையென்றால், மெல்லிய ஒயர் டிஸ்டிரிபியூட்டர் உடலில் எங்காவது தொட்டு எர்த் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். பாயிண்ட் ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் சின்ன ஃபைபர் வாஷரை மாட்ட மறந்தாலும் இதுவே நடக்கும். ஸ்டார்ட் ஆகிறது ஆனால் இழுவையே இல்லை, சைலன்சர் பக்கம் வெடிக்கிறது, எஞ்சின் சீக்கிரம் சூடாகிறது என்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் டாப் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். ஒரு கணம் மெல்லிய கிணுகிணுப்பு கேட்டு உடனே மறைந்தால் டைமிங் நல்ல இடத்தில் இருக்கிறது. நாக்கிங் தொடர்ந்தால் அந்தச் சின்ன நட்டை ஆர் பக்கம் கொஞ்சம் திருகுங்கள். சத்தமே இல்லாமல் வண்டி சோம்பலாக இருந்தால் ஏ பக்கம். ஒருமுறைக்குக் கொஞ்சம்தான், ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் ஓட்டிப் பாருங்கள்.

புதுப் பாயிண்டின் குதிகால் தொடக்கத்தில் வேகமாகத் தேயும், இடைவெளி குறையும், டைமிங்கும் பின்னே வரும். அதனால் 800 கிலோமீட்டர் போல ஓடிய பிறகு கேப்பைத் திறந்து இடைவெளியை அளந்து, டைமிங்கை ஒருமுறை பல்பு வைத்துப் பாருங்கள். பழைய டிஸ்டிரிபியூட்டரைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். புஷ் அடித்து, எண்ணெய் பூசி, நல்ல கேப், ரோட்டார், கண்டென்சரோடு டிக்கியில் வைத்துக்கொண்டால் நெடுந்தூரப் பயணத்தில் கைகொடுக்கும்.